கரப்பானை மீசை பிடித்து இழுத்துப் போகும் பச்சைக் குளவி எது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். குளியலறை ஜன்னல் ஓரத்தில் பச்சையாகப் பளபளக்கும் ஒரு பூச்சி, தன்னைவிடப் பெரிய கரப்பானை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. கரப்பான் செத்துப்போகவில்லை, கூடவே நடந்து போனது. இது என்ன பூச்சி, யாரும் பதிவு செய்யாத புது இனமா, நம்மைக் கொட்டுமா, மருந்து அடிக்க வேண்டுமா, விட்டுவைத்தால் வீட்டில் கரப்பான் ஒழியுமா? படம் கலங்கலாக இருக்கிறது, பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பொன்வண்டு என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பொன்வண்டு இல்லை என்பது மட்டும் அந்தப் படத்திலேயே தெரிகிறது, வண்டுக்கு முதுகை மூடும் கெட்டியான ஓடு இருக்கும், இதற்கு மெல்லிய இறக்கைகள்தான்.

இதன் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. ஆங்கிலத்தில் ஜுவல் வாஸ்ப், எமரால்டு காக்ரோச் வாஸ்ப் என்பார்கள். நான் மரகதக் குளவி என்று எழுதிவிடுகிறேன், படிக்கச் சுலபம். ஆசியாவின் வெப்பமான பகுதிகள், ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று பரவியிருக்கும் இனம், தமிழ்நாட்டில் வீடுகளுக்குள்ளேயே பார்க்கலாம். புது இனமாக இருக்க வாய்ப்பே இல்லை: டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1781-இலேயே இதற்கு முறைப்படி பெயர் வைத்துவிட்டார். அப்போது ஸ்ஃபெக்ஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் தொகுதி) போட்டிருந்தார், கண்ணில் படும் மெல்லிடைக் குளவிகளில் பாதியை அந்தக் காலத்தில் அதில்தான் போடுவார்கள். 1807-இல் ஜுரீன் என்ற இயற்கையியலாளர் ஆம்புலெக்ஸ் என்று தனிப் பேரினம் உண்டாக்கினார், பிறகு இது அங்கே வந்து சேர்ந்தது.

படம் கலங்கலாக இருந்தும் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய நடத்தையை வைத்துத்தான். உயிரோடிருக்கும் பெரிய கரப்பானை மீசையின் அடிக்கட்டையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகும் பச்சைக் குளவி நம் வீடுகளில் வேறு கிடையாது. ஆனால் அடுத்த முறை கரப்பான் இல்லாமல் தனியாக வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அங்கேதான் எல்லோரும் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். இந்தப் பச்சை சாயம் அல்ல. மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். அதனால் வெயிலில் பச்சை, நிழலில் நீலம், ஃப்ளாஷ் போட்டால் இன்னொன்று. ஒரே பூச்சியை ரெண்டு கோணத்தில் படம் எடுத்துவிட்டு ரெண்டு இனம் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பளபளக்கும் பச்சைப் பூச்சி என்றால் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறது.

நிறத்தை விட்டுவிட்டு தொடையைப் பாருங்கள். ஆறு கால்களில் முன்கால் ரெண்டையும் விட்டுவிடலாம். நடுக்கால், பின்கால் இந்த நாலின் தொடைப்பகுதி நல்ல சிவப்பாக இருக்கும். இந்தச் சிவப்பு கோணத்துக்குக் கோணம் மாறாது. உடம்பு உலோகப் பச்சை அல்லது நீலப்பச்சை, நாலு தொடைகள் மட்டும் சிவப்பு, நீளம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர்: இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்தால் கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஆண் இதைவிட நன்றாகச் சிறியது, அதற்குக் கொடுக்கும் கிடையாது, அதனால் வேட்டையும் கிடையாது. நீங்கள் பார்த்தது பெண்தான்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க முடிந்தால் உருவத்தைக் கவனியுங்கள், இந்தக் குடும்பத்துக்கே ஒரு தனி உருவம் உண்டு. தலைக்கும் மார்புக்கும் நடுவில் முன்மார்பு நீண்டு ஒடுங்கிக் கழுத்து மாதிரி தெரியும். மற்ற குளவிகளில் இவ்வளவு தெளிவாக இருக்காது. மார்பின் மேல்பக்கம் குழிகுழியாக இருக்கும். தாடை நீளமாக, வளைந்து, கூர்மையாக இருக்கும், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். வயிறு பெண்ணில் நுனியை நோக்கிப் போகப்போக பக்கவாட்டில் தட்டையாகி முடியும். அப்புறம் நடை. இது பறப்பதைவிட ஓடுவது அதிகம். உணர்கொம்பை விடாமல் ஆட்டிக்கொண்டு சுவர் இடுக்கு, குழாய் ஓரம், கதவுச் சந்து என்று ஒவ்வொன்றாக மோப்பம் பார்த்துக்கொண்டே போகும். வெளியே மரத்தண்டுகளிலும் இதே ஓட்டம்தான். பழகிவிட்டால் நிறம் தெரியும் முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடலாம்.

எதனோடெல்லாம் குழப்பிக்கொள்வார்கள் என்று சொல்கிறேன். முதலில் குயில் குளவிகள், கிரிசிடிடே குடும்பம். அதிலும் ஸ்டில்பம் சயனூரம் என்ற பெரிய இனம் நம்மூரில் சாதாரணம், பச்சையும் நீலமுமாக இதைவிடவே பளபளப்பாக இருக்கும். ஆனால் உடம்பு குட்டையாக, தடியாக, கவசம் போட்ட மாதிரி கெட்டியாக இருக்கும், கழுத்து தெரியாது, கால்களில் சிவப்பு இல்லை, வயிற்றின் கடைசித் துண்டின் விளிம்பில் நாலு பற்கள் இருக்கும், தொந்தரவு செய்தால் சுருண்டுகொள்ளும். இது கரப்பானைத் தேடாது. மண்கூட்டுக் குளவிகளின் கூட்டைச் சுற்றி அலையும், ஏனென்றால் அங்கேதான் தன் முட்டையை வைக்க வேண்டும். ரெண்டாவது நீல நிற மண்குளவி, சாலிபியான் பெங்காலென்சி. இதுவும் வீட்டுக்குள் ஆணி அடித்த ஓட்டை, சுவிட்ச் பெட்டி இடுக்கு என்று தேடிக்கொண்டிருக்கும். எஃகு நீலம், இடுப்பு நூலாக மெலிந்திருக்கும், காலும் நீலம், தூக்கிவருவது சிலந்தி. கையில் சிலந்தி இருந்தால் மரகதக் குளவி என்ற பேச்சே இல்லை. பூக்களில் சுற்றும் சின்னப் பச்சைத் தேனீ, இலைமேல் உட்காரும் நீளக்கால் பச்சை ஈ இரண்டும் ரொம்பச் சிறியவை. ஈக்கு ஒரே ஒரு ஜோடி இறக்கைதான் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இதே பேரினத்தில் உலோக நிறமுள்ள வேறு இனங்களும் ஆசியாவில் உண்டு. அதனால் அருங்காட்சியகத்தில் வைக்கும் பூச்சிக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற அளவு உறுதி வேண்டுமென்றால் படம் போதாது, பூச்சியை நுண்நோக்கியின் கீழ் வைத்து முகத்தின் முன்தகடு, முன்மார்பு, இறக்கை நரம்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஃபாப்ரிசியஸ் காலத்தில் ரெண்டு மூன்று வரி லத்தீனில் ஒரு இனத்தை விவரித்து முடித்துவிடுவார்கள், இன்றைக்கு அது செல்லாது. 2014-இல் தாய்லாந்திலிருந்து கிடைத்த ஒரு ஆம்புலெக்ஸ் இனத்தை மைக்கேல் ஓல் என்ற பூச்சியியலாளரும் கூட்டாளிகளும் விவரித்தார்கள். அளவு, படம், மாதிரிப் பூச்சி என்று எல்லாம் சேர்ந்த பிறகுதான் அது இனமாக நின்றது. பெயரை மட்டும் பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள், ஆம்புலெக்ஸ் டிமென்டர் என்று. அது சிவப்பும் கறுப்பும், பச்சையே கிடையாது. ஆக, பேரினமே பச்சை என்று நினைக்க வேண்டாம்.

சரி, கரப்பான் ஏன் தானாக நடந்து போனது? இந்த இனத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சுருக்க எனக்கு மனம் வராது.

குளவி முதலில் கரப்பானின் மீது பாய்ந்து முன்மார்பைத் தாடையால் கவ்விக்கொண்டு மார்புக்கு அடியில் ஒரு கொட்டு கொட்டும். அங்கே முன்கால்களை இயக்கும் நரம்புத் திரள் இருக்கிறது. நஞ்சில் உள்ள காபா, டாரின், பீட்டா அலனின் ஆகிய வேதிப்பொருள்கள் அந்த நரம்புகளை அடக்கிவிடும், முன்கால்கள் சில நிமிடங்களுக்கு மடங்கிப் போகும். இது தற்காலிகம்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் குளவிக்குப் போதும், ஏனென்றால் ரெண்டாவது கொட்டுக்குக் கரப்பான் அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் கொட்டு கழுத்தின் மெல்லிய தோல் வழியாகத் தலைக்குள் போகும், மூளைக்கும் அதற்குக் கீழேயுள்ள நரம்புத் திரளுக்கும் நேராக.

மூளைக்குள் கொட்டுகிறது என்று முதலில் சொன்னபோது பலரும் நம்பவில்லை, கொடுக்கு அவ்வளவு துல்லியமாகப் போகுமா என்று. இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் லிபர்சாட்டின் குழு இதை 2003-இல் நிரூபித்த விதம் அழகு: குளவிகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலங்களைச் செலுத்தினார்கள், அதன் நஞ்சும் கதிரியக்கம் உள்ளதாக ஆகிவிட்டது, பிறகு கொட்டவிட்டுக் கரப்பானின் உடம்பில் கதிரியக்கம் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். தலையின் நரம்புத் திரள்களிலேயே இருந்தது. 2014-இல் அதே குழு இன்னொன்று காட்டியது. கொடுக்கின் நுனியில் தொடு உணர்வும் வேதி உணர்வும் உள்ள உறுப்புகள் இருக்கின்றன. மூளையை எடுத்துவிட்ட கரப்பானைக் கொடுத்தால் குளவி கொடுக்கை உள்ளே விட்டு நெடுநேரம் துழாவிக்கொண்டே இருக்கும். அதாவது கண்ணை மூடிக்கொண்டு குத்துவதில்லை, தேடிப் பிடித்துக் கொட்டுகிறது.

ரெண்டாவது கொட்டுக்குப் பிறகு கரப்பான் ஏறத்தாழ அரை மணி நேரம் தன்னைத் தானே துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும், நஞ்சில் உள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் அதற்குக் காரணம். அந்த இடைவெளியில் குளவி போய்ப் பொந்து தேடும். திரும்பி வந்து கரப்பானின் மீசை ரெண்டையும் பாதியில் கடித்து வெட்டும் (நீண்ட தாடை இதற்கும்தான்), வெட்டிய இடத்தில் கசியும் இரத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும். அப்புறம்தான் நீங்கள் பார்த்த காட்சி: மிச்சமிருக்கும் மீசையைக் கவ்விக்கொண்டு, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை நடத்துகிற மாதிரி கூட்டிப்போகும்.

கரப்பானுக்கு வாதம் வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். புரட்டிப் போட்டால் திரும்பிக்கொள்ளும், இழுத்தால் நடக்கும், கால் எல்லாம் வேலை செய்யும். தானாக நடையைத் தொடங்குவது மட்டும்தான் போய்விடுகிறது, ஓடித் தப்பும் விருப்பத்தை மட்டும் தனியாக உருவி எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளவிக்கு இதில் லாபம் கணக்கற்றது: தன்னைவிடக் கனமான இரையைத் தூக்கிப் பறக்க வேண்டாம், அது தன் காலிலேயே நடந்து வரும். பொந்துக்குள்ளும் உயிரோடு, அழுகாமல் இருக்கும். ஆக்சிஜன் செலவும் குறைந்துவிடுவதால் கொட்டு வாங்கிய கரப்பான் பட்டினியில் நீண்ட நாள் தாங்கும். முட்டையை மட்டும் எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாக் கரப்பானும் சும்மா மாட்டிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென் கேட்டானியா 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான்கள் உடம்பை உயர்த்தி நின்று, முள் நிறைந்த பின்காலால் குளவியின் தலையில் உதைப்பதை அதிவேகப் படமாகவே எடுத்திருக்கிறார். உதைக்கத் தெரிந்த பெரிய கரப்பான்கள் பல தப்பித்தன, குஞ்சுகள்தான் பெரும்பாலும் மாட்டின.

பொந்துக்குள் கொண்டுபோனதும் குளவி ஒரே ஒரு முட்டையை, ரெண்டு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், கரப்பானின் நடுக்கால் அடியில் ஒட்டிவிட்டு வெளியே வந்து சின்னக் கல், குச்சி, குப்பை என்று கிடைத்ததை வைத்து வாயை அடைக்கும். மூன்று நாளில் முட்டை பொரியும். புழு முதலில் வெளியிலிருந்து காலின் அடியில் ஓட்டை போட்டு இரத்தம் உறிஞ்சும், சில நாள் கழித்து உள்ளே நுழைந்து உறுப்புகளைத் தின்னும், பிறகு கரப்பானின் வெற்றுடம்புக்குள்ளேயே கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். மொத்தத்தில் ஏறக்குறைய ஆறு வாரத்தில் முழுக் குளவி வெளியே வரும். கரப்பானின் உள்ளே கிருமிகளுக்குக் குறைவே இல்லை, புழு எப்படி அழுகாமல் பிழைக்கிறது என்றால், வாயிலிருந்து சுரக்கும் திரவத்தில் மெல்லீன், மைக்ரோமோலைடு என்று இரண்டு கிருமிக்கொல்லிகள் உண்டு, அவற்றை உள்ளே பூசிக்கொண்டே சாப்பிடுகிறது. ஜெர்மனியில் குட்ரூன் ஹெர்ட்ஸ்னர் குழு 2013-இல் கண்டுபிடித்தது இது. புழுவை வேட்டுவன் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை நம்மிடம் உண்டல்லவா, கரப்பான் கூட்டிலிருந்து குளவி வெளியேறுவதை ஒரு தடவை நேரில் பார்த்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும். மாறவில்லை, தின்றுவிட்டது, அவ்வளவுதான். தான் தின்று வளரும் உயிரை (ஓம்புயிர்) கட்டாயம் கொன்றே வளரும் இந்த வகையைத்தான் ஒட்டுண்ணிக் குளவி என்கிறோம். பேன், உண்ணி எல்லாம் உறிஞ்சும், ஆனால் ஆளைக் கொல்வது அவற்றின் வாழ்க்கைக்கு அவசியமில்லை.

இனி நடைமுறைக் கேள்விகள். கொட்டுமா? பெண்ணுக்குக் கொடுக்கு இருக்கிறது, கையால் பிடித்து நசுக்கினால் கொட்டும். ஆனால் இது தனிக்கட்டை, கதண்டு மாதிரி காப்பாற்ற வேண்டிய கூடும் கூட்டமும் இதற்குக் கிடையாது, அதனால் துரத்தி வந்து கொட்டாது. கொடுக்கை மனிதர் மேல் வீணாக்குவதில் அதற்கு ஆர்வமில்லை. சின்னக் குழந்தை கையால் பிடிக்கப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கரப்பான் ஒழியுமா? ஒழியாது. 1941-இல் ஹவாய்த் தீவுகளுக்கு எஃப். எக்ஸ். வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் நியூ கலிடோனியாவிலிருந்து இதைக் கொண்டுபோய் விட்டார், கரப்பானைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்தில். குளவி அங்கே நிலைத்துவிட்டது, கரப்பானும் நிலைத்தே இருக்கிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சில டஜன் கரப்பான்களைத்தான் பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வேலை இருக்கிறது, தன் வட்டாரத்தை விட்டு வேறெங்கும் போகவும் போகாது. கரப்பான் பெருகும் வேகத்துக்கு இது எம்மாத்திரம். இதை வாங்கி வளர்த்தால் கரப்பான் ஓடிவிடும் என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

கரப்பான் எண்ணிக்கையில் உண்மையிலேயே கொஞ்சம் கை வைக்கிற இன்னொரு குளவி உங்கள் வீட்டிலேயே இருக்கும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. எவானியா அப்பெண்டிகாஸ்டர், 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தது. முழுக்கக் கறுப்பு, மரகதக் குளவியில் பாதிகூட இருக்காது, கண் நீலமாகத் தெரியும், ஜன்னல் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருக்கும். வயிறு மட்டும் பொருத்தமே இல்லாமல் சின்னதாக, தட்டையாக, மார்பின் மேல்பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும். இது கரப்பானைத் தொடாது, கரப்பான் ஒட்டிவைக்கும் முட்டைப் பெட்டிக்குள் தன் முட்டையைச் செலுத்தும். பெரிய சிவப்புக் கரப்பானின் ஒரு பெட்டியில் சுமார் 16 முட்டை இருக்கும், எவானியாவின் ஒரே புழு எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தனியாக வெளியே வரும். என் கணக்கில் மரகதக் குளவிக்குப் புகழ், இதற்கு வேலை.

மருந்து விஷயத்தில் என் கருத்து: ஸ்ப்ரே அடித்தால் இரண்டு குளவிகளும் முதலில் போய்ச் சேரும், கரப்பான் சாக்கடைக்குள் போய் ஒளிந்துகொண்டு மறுவாரம் வரும். கரப்பான் தொல்லை நிஜமாகவே அதிகம் என்றால் அலமாரிக்குப் பின்னால் ஜெல் வைக்கலாம், இரவில் சாக்கடை வாயை மூடலாம், பாத்திரத்தை ஈரமாகப் போட்டுவைக்காமல் இருக்கலாம்.

அடுத்த முறை பார்த்தால் மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில், கால் தெரிகிற மாதிரி, ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அளவும் தெரிந்துவிடும். வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது, நடையும் கிடைக்கும். கரப்பானை எந்தப் பொந்துக்குள் கொண்டுபோனது என்று தெரிந்தால் அந்த வாயில் அடைத்திருக்கும் குப்பையைச் சுரண்டாதீர்கள், சிமெண்டும் பூசாதீர்கள். தேதியைக் குறித்துவைத்துவிட்டு, ஐந்தாவது வாரத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு பார்வை வையுங்கள்.